என் படத்தை யார் பார்க்க வேண்டும்?

போன வாரம் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கும் ஜூனியர் பெண் ஒருத்தி எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். "அக்கா, என் படம் நேஷனல் எக்ஸிபிஷனுக்கு செலக்ட் ஆகியிருக்கு. பதிவுக் கட்டணம் 12,000 கேக்குறாங்க. கட்டலாமா?" படித்ததும் எனக்குக் கை சில்லிட்டுப் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்த செய்தியும் இதேதான், வார்த்தைகள்கூட அதிகம் மாறவில்லை. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. படிப்பை முடித்துவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே முழுசாகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 22 வயது. குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். ஓவியம் படித்தவர் என்று எங்கள் ஊரில் யாரும் இல்லை. படித்தால் என்ன வேலை, யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று விசாரிக்கக்கூட ஆள் இல்லை. கல்லூரியில் வரையக் கற்றுக்கொடுத்தார்கள், நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். வரைந்ததை எடுத்துக்கொண்டு வெளியே போவதை நானாகத்தான் பழக வேண்டியிருந்தது. அதைப் பழகுவதற்குள் 14 மாதமும் 61,500 ரூபாயும் போய்விட்டது. கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு 26,500. இன்ஸ்டாகிராமில் காசு கட்டிப் பதிவுகளைப் பரப்பியதற்கு 6,000. ஓர் ஆன்லைன் வகுப்புக்கு 15,000. வேலை செய்து கொடுத்தும் கைக்கு வராமல் போனது 14,000. எங்கள் வீட்டுக்கு இது பெரிய பணம்.

முதல் அடி பணத்தில் விழவில்லை. படிப்பு முடிந்த அடுத்த மாதமே சென்னையில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு போனேன். கையில் 46 பக்க போர்ட்ஃபோலியோ, அதாவது என் வேலைகளைச் சேர்த்து வைத்த ஃபைல். வட்டங்களை வெட்டிச் செய்த ஒரு நரி லோகோ, ஆவி பறக்கும் கோப்பைக்குள் மலை, வெளிர் நிறத்தில் கை கால் நீண்ட மனிதர்கள். ஆர்ட் டைரக்டர் பொறுமையாகப் புரட்டினார். நரியில் நிறுத்தி, "இது யாருக்காகப் போட்டது?" என்று கேட்டார். யாருக்காகவும் இல்லை, பயிற்சிக்காக என்றேன். "சரி. நரி எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் நான்கு படங்களைக் காட்டி, இவை எங்கிருந்து வந்தன என்று அதே குரலில் கேட்டார். அவர் கடுமையாகப் பேசவே இல்லை. பதினைந்து நிமிடத்தில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாமே பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தில் பார்த்துச் சேர்த்து வைத்தவற்றின் சாயல் என்பது அவருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதேன். திருடிவிட்டு மாட்டிக்கொண்டது போல இருந்தது. நான் திருட நினைத்ததில்லை. இன்ஸ்பிரேஷன் என்றால் அதுதான் என்றே நம்பியிருந்தேன்.

இங்கேதான் நான் தவறான முடிவுக்கு வந்தேன். என் படங்களில் நான் இல்லை என்பதைத்தான் அந்த மனிதர் சுட்டிக்காட்டினார். எனக்கோ, "நம்மை யாருக்கும் தெரியவில்லை, அதனால்தான் மதிக்கவில்லை" என்று பட்டது. நிறையப் பேர் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்து நான் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் அந்த நினைப்பில் போனதுதான்.

புரட்டாசியில் அந்தக் கண்காட்சிச் செய்தி வந்தது. இன்ஸ்டாகிராமில் என் படங்களைப் பார்த்ததாகவும், நாடு முழுவதிலுமிருந்து தேர்வான கலைஞர்களில் நானும் ஒருத்தி என்றும், மூன்று நாள் கண்காட்சி, சான்றிதழ், ஷீல்டு, கேட்டலாகில் அரைப் பக்கம் என்றும் எழுதியிருந்தார்கள். பதிவுக் கட்டணம் 12,000. மூன்று நாளுக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடுமாம். குறுவை அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது, வீட்டில் காசு இல்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் வைத்துவிட்டு வந்தார். அப்பா மட்டும், "படத்த அவங்க வித்துக் குடுப்பாங்களா ஆயி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை, நானாகச் சொன்ன பதில் அது. ஆறு படங்களைப் பெரிதாக அச்சிட்டு ஃபிரேம் போட 9,600, பார்சல், பயணம், தங்கல் எல்லாம் சேர்த்து 4,900.

ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் கூடம். தடுப்புப் பலகைகளில் வரிசையாகப் படங்கள், ஒருவருக்கு ஆறடி அகலம். மூன்று நாளும் அந்தக் கூடத்துக்குள் வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? எங்களைப் போலக் காசு கட்டியவர்களும் அவர்கள் வீட்டு மனிதர்களும்தான். என் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றவர் ஈரோட்டிலிருந்து மகளை அழைத்து வந்திருந்த ஓர் அப்பா. பக்கத்துப் பலகையில் மகளின் படம் இருந்தது. அவரும் நகையை அடகு வைத்துத்தான் வந்திருந்தார். கடைசி நாள் மேடையில் ஷீல்டு கொடுத்தார்கள். சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள். ஆறு ஃபிரேமும் அப்படியே திரும்பி வந்தன. வீட்டு வாசலில் அவற்றை இறக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒரு கண்காட்சி நல்லதா என்று இப்போது யாராவது கேட்டால் ஒன்றைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன்: நடத்துபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? படம் விற்றால் அவருக்கு ஒரு பங்கு என்றால் விற்க அவர் பாடுபடுவார். எல்லாப் பணமும் கலைஞர்களிடமிருந்தே வந்துவிட்டால் வாங்குபவர்களை அழைத்து வர வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. போன முறை வந்த இரண்டு கலைஞர்களின் எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மூன்று நாள் கெடு வைத்தாலும் நின்றுவிடுங்கள். போட்டி, கண்காட்சி எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. கொச்சியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயின் கூடவே கலைக் கல்லூரி மாணவர்களுக்கென்று ஸ்டூடன்ட்ஸ் பினாலே நடக்கிறது. பிரிட்டனில் டிசைன், விளம்பரத் துறைக்கான டி அண்ட் ஏடி அமைப்பு நியூ பிளட் என்று மாணவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறது. என்ன செய்ய வேண்டும், யாருக்காக என்று சொல்லும் வேலைக்குறிப்பை அதற்கு நிஜ நிறுவனங்களே தருகின்றன. போட்டியில் சேராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்து பாருங்கள். "இது யாருக்காகப் போட்டது?" என்ற கேள்விக்கு அப்போது உங்களிடம் பதில் இருக்கும்.

இன்ஸ்டாகிராம் கதை சின்னது. ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று 40 நாள் கட்டினேன். பின்தொடர்பவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். வேலை கேட்டு ஒருவர்கூட எழுதவில்லை. இன்று அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிகிறது. பெயருக்குக் கீழே ஒரு பொன்மொழியும் இரண்டு பூவும்தான் வைத்திருந்தேன். நான் என்ன செய்பவள், எந்த ஊர், எந்த மின்னஞ்சலுக்கு எழுதுவது என்று ஒரு வரி இல்லை. ஆன்லைன் வகுப்பைப் பற்றிச் சொல்லவும் அதிகம் இல்லை. பதிவு செய்து வைத்த வீடியோக்கள், "தினமும் போஸ்ட் போடுங்கள்" என்ற அறிவுரை, நேரில் கேள்வி கேட்க இரண்டே வாய்ப்பு. உங்கள் வேலையைத் திறந்து பார்த்து, குறிப்பாக இது சரியில்லை என்று சொல்கிற ஒருவருக்குக் காசு கொடுக்கலாம். எல்லாருக்கும் பொதுவாகப் பேசுகிறவருக்குக் கொடுக்க வேண்டாம்.

நான் அதிகம் நொந்தது அடுத்ததில்தான். மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் காபித்தூள் வியாபாரம் தொடங்கினார். லோகோவும் பாக்கெட் டிசைனும் வேண்டும் என்றார். 18,000 பேசி 4,000 முன்பணம் தந்தார். தெரிந்தவர்தானே என்று எதுவும் எழுதி வாங்கவில்லை. மாமா முன்னால் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு என்றுகூடத் தோன்றியது. ஆசையாக வேலை பார்த்தேன். பித்தளை டபராவின் விளிம்பையே எழுத்தின் வளைவாக்கி, "காபி" என்ற சொல்லைக் கையால் எழுதினேன். என் மனதிலிருந்து வந்த முதல் வேலை அது. பதினொரு மாதிரிகள் அனுப்பினேன், திருத்தம் மட்டும் பதினேழு முறை. கடைசியில், "பிரஸ்காரர் ஓப்பன் ஃபைல் கேக்குறாரும்மா" என்றார். யாரும் திறந்து மாற்றக்கூடிய அசல் ஃபைல் அது, அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு போன் எடுப்பது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. மூன்று மாதம் கழித்துக் குடவாசலில் ஒரு மளிகைக் கடை வாசலில் அந்தப் பாக்கெட் சரமாகத் தொங்கியது. நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். நான் எழுதிய "காபி" அப்படியே இருந்தது. ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். பிரிக்க மனம் வரவில்லை, இன்றுவரை அலமாரியில் இருக்கிறது. மாமாவிடம் சொன்னபோது, "வுடும்மா, ஊருக்குள்ள எதுக்குச் சண்ட" என்றார். பணத்தைவிட அந்த வார்த்தைதான் அதிகம் வலித்தது.

பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படைத்தவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது செய்தது முதலாளிக்குப் போகும். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே உரிமையாளர். ஆகவே இலஸ்ட்ரேஷன், அதாவது பிறருக்காகப் படம் வரைந்து கொடுக்கும் வேலை, செய்பவர்கள் எழுதி வாங்காமல் தொடங்கவே கூடாது. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்று. இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். குடவாசல் காபித்தூளுக்கும் இதே சட்டம்தான்.

இப்போது நான் எந்த வேலை எடுத்தாலும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். சொந்தக்காரர் என்றால் இன்னும் கவனமாகச் செய்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பிறகு கேட்கவே முடியாது. பாதிப் பணம் முதலில். மூன்று மாதிரி, இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் தனிக் காசு. மீதிப் பணம் வரும்வரை என் பெயர் குறுக்கே ஓடும் சின்ன படம்தான் போகும். ஓப்பன் ஃபைல் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. பிரஸ்காரருக்கு உண்மையில் தேவைப்படுவது அச்சுக்குத் தயாரான பிடிஎஃப்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்து வைத்திருக்கிறேன். அது இலவசம், வீட்டிலிருந்தே செய்யலாம். பதிவு செய்த சிறு தொழில்களுக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பில்லின் அடியில் அதை ஒரு வரியாக எழுதுகிறேன். சண்டை போடாமலே வேலை நடக்கிறது.

பாக்கெட்டைப் பார்த்த அடுத்த வாரம், இனி இது வேண்டாம், டீச்சர் டிரெயினிங் போகலாம் என்றுகூட நினைத்தேன். அம்மா சங்கிலியை மீட்க வேண்டும் என்பதற்காகத்தான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 9,000 சம்பளத்துக்குச் சேர்ந்தேன். படித்துவிட்டுப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸுக்கா போகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. ஐந்து மாதம் அங்கே கற்றதை வேறு எங்கும் கற்றிருக்க முடியாது. முதல் வாரமே நான் கொடுத்த கல்யாணப் பத்திரிகையில் தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விட்டது. பிரஸ் அண்ணன் கோபப்படவில்லை. "கோரல்ல கர்வ் பண்ணிக் குடுத்துரும்மா, உன் ஃபான்ட் என் மெஷின்ல இருக்காது" என்றார். கோரல்டிராவில் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுக்கச் சொன்னார். பழைய ஃபோட்டோஷாப்பில் தமிழ் உடைந்தால் எழுத்து அமைப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அப்போது தெரிந்ததுதான். திரையில் மின்னும் பச்சை, நான்கு மையில் அடிக்கும்போது மங்கிவிடும். தாளின் ஓரத்தை வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். உணவுப் பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண், எடை, விலை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்த டிசைனரிடம் வேலை கொடுக்க வருபவர் நிம்மதியாகப் பேசுகிறார், அதை நான் கண்கூடாகப் பார்த்தேன். இன்னொன்று, திருட்டு ஃபான்ட் வேண்டவே வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, கவிவனார் என்று தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

அந்த ஐந்து மாதத்தில்தான், படத்துக்கு யோசனை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் எனக்குப் பதில் கிடைத்தது. திருபுவனம் பட்டு விற்கும் ஒரு கடைக்குப் பை அச்சடிக்கும் வேலை வந்தது. கடைக்காரர் என்னைப் புடவைக்கு டிசைன் போடும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி ஒரு அன்னத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டம் கூடினாலும் அன்னத்தின் கழுத்து உடைந்துவிடும். தறியில் இழை அப்படித்தான் போகும், அதற்குத் தகுந்தாற்போல் கோடு வளைய வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் சின்ன ஐகான் செய்யும்போது பிக்சல் பிக்சலாக நான் பட்ட அதே பாடு. மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அன்னம் ஏன் அப்படி இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. என் நரியைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் விடுமுறை நாளெல்லாம் பஸ் ஏறினேன். திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக் கூரையில் முசுகுந்தன் என்ற சக்கரவர்த்தியின் கதையை வரிசை வரிசையாக வரைந்திருக்கிறார்கள், 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். காமிக்ஸ் பக்கம் போலவே கண் நகர்கிறது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை போன கோயில், ஒரு நாளும் அந்தக் கூரையை நான் பார்த்ததில்லை. அதை வரைந்த சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையும் அங்கே பதிந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. தாராசுரம் கோயிலில் ஒரே தலையை யானையும் காளையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. லோகோவில் இரண்டு பொருளை ஒரே வடிவத்துக்குள் வைக்க நாங்கள் வகுப்பில் எத்தனை முயற்சி செய்திருப்போம்! பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைப் பலகைகளின் கையெழுத்து, நெல் மூட்டையில் அச்சுத் தகடு வைத்து அடித்த எழுத்து, நாற்றுக்கட்டை வீசும்போது வளையும் முதுகு, எல்லாவற்றையும் நோட்டில் போட்டேன்.

ஊரைத்தான் வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பின்டரெஸ்டை இப்போதும் பார்க்கிறேன். ஆனால் லோகோ செய்யும்போது லோகோக்களைப் பார்ப்பதில்லை. தறியைப் பார்க்கிறேன், பாத்திரத்தைப் பார்க்கிறேன், பழைய பஸ் டிக்கெட்டைப் பார்க்கிறேன். எதைப் பார்த்தேன், எங்கே பார்த்தேன், எதை எடுத்துக்கொண்டேன் என்று நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். ஒரே ஒரு மூலத்திலிருந்து வந்ததை வெளியே காட்டுவதில்லை. பிடித்த ஓவியரைப் போல வரைந்து பழகலாம், நானும் பழகுகிறேன். அது நோட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அல்லது யாரைப் பார்த்துப் பழகியது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

போர்ட்ஃபோலியோவை முதலிலிருந்து செய்தேன். 46 பக்கம் 9 வேலைகளாகச் சுருங்கியது. எதை எடுப்பது என்று நான்கு நாள் திண்டாடினேன். கடைசியில் ஒவ்வொரு படத்தையும் வைத்துக்கொண்டு அந்த ஆர்ட் டைரக்டரின் கேள்விகளை நானே கேட்டேன். யாருக்காக, எதற்கு, எங்கிருந்து? மூன்றுக்கும் வாய் திறந்து பதில் சொல்ல முடிந்தவை மட்டும் தங்கின. ஒவ்வொன்றுக்கும் முதல் கிறுக்கல், கைவிட்ட இரண்டு வழிகள், முடிந்த வேலை, அச்சில் வந்த புகைப்படம் என்று சேர்த்தேன். அச்சகத்தில் செய்த ஊதுபத்தி அட்டைப்பெட்டியும், காபி பாக்கெட்டும் அதில் உண்டு. எந்த வேலை அதிகம் வேண்டுமோ அதையே முன்னால் வையுங்கள். எனக்குக் குழந்தைகள் புத்தகத்துக்கு வரைய ஆசை, ஆனால் பழைய ஃபைலில் ஒரு குழந்தைகூட இல்லை. யாரும் கொடுக்கும்வரை காத்திருக்காமல் பாட்டி சொன்ன ஒரு கதையை எட்டுப் பக்கமாக நானே வரைந்தேன். அதற்கு முன் தூலிகா, தாரா ஆகிய சென்னைப் பதிப்பகங்களின் புத்தகங்களையும், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் இருப்பவற்றையும் ஒரு மாதம் பார்த்தேன். யார் எந்த மாதிரிப் படம் போடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்கலாம் என்பது தெரியும்.

கடைசியாக, கடிதம். இதற்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வந்த வேலையெல்லாம் இதில் வந்ததுதான். 30 பேர் பட்டியல் எடுத்தேன். சென்னையில் பதிப்பகங்களும் ஸ்டூடியோக்களும், தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணத்தில் கடைகளும் இயற்கை விவசாயப் பொருள் விற்பவர்களும். ஒருவருக்கு அனுப்பியதை இன்னொருவருக்கு அனுப்பவில்லை. ஐந்தாறு வரிதான். "வணக்கம். நான் குடவாசல் பக்கத்தில் இருக்கும் இலஸ்ட்ரேட்டர். உங்கள் விதைப் பாக்கெட்டுகளைத் திருவாரூரில் ஒரு கடையில் பார்த்தேன். ரகத்தின் பெயர் தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் கதிரின் படம் வரைந்தால் எப்படி இருக்கும் என்று ஒன்று செய்து பார்த்தேன், இணைத்திருக்கிறேன். என் மற்ற வேலைகள் இந்த இணைப்பில் இருக்கின்றன. பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" இவ்வளவுதான். ஒன்று செய்து பார்த்தேன் என்றால் ஒன்றே ஒன்று. முழு வேலையையும் இலவசமாகச் செய்து அனுப்பக் கூடாது, அந்தத் தவறையும் ஒரு முறை செய்திருக்கிறேன். நான்கு படம், 2 எம்பிக்குள் ஒரே பிடிஎஃப், ஃபைலின் பெயரில் என் பெயரும் ஊரும். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். 30 பேரில் 6 பேர் பதில் போட்டார்கள், 2 பேர் வேலை தந்தார்கள். அந்த விதைக்காரர் இன்றைக்கும் தருகிறார். ஒரு பதிப்பகத்தில் இப்போது இடமில்லை, ஆறு மாதம் கழித்து எழுதுங்கள் என்றார்கள். குறித்து வைத்திருந்து எழுதினேன், கிடைத்தது.

எழுத முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. நம்மைப் பற்றி நாமே சொல்வது தலைக்கனம் என்று வளர்ந்தவர்கள் நாம். கூச்சம் வரும்போதெல்லாம் ஓவியர் கோபுலுவை நினைத்துக்கொள்வேன். தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்து, அங்கிருந்து சென்னைக்குப் போனவர். ஆனந்த விகடனில் அவரை வளர்த்துவிட்ட ஓவியர் மாலி, திருவையாற்றுக்குப் போய் தியாகராஜர் வழிபட்ட ராமர் பட்டாபிஷேகப் படத்தை வரைந்து வரச் சொன்னதைப் பற்றிப் படித்திருக்கிறேன். எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் ஒரு நாள் படத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் முன்னால் போய் நின்றுதான் ஆக வேண்டும். விதைப் பாக்கெட்டின் பின்பக்கம், எடைக்குக் கீழே, "ஓவியம்" என்று போட்டு என் பெயரும் சின்னதாக அச்சாகிறது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன். போன பொங்கலுக்கு முன்னால் அம்மாவின் சங்கிலியை மீட்டாகிவிட்டது.

ஜூனியர் பெண் அந்த 12,000 ரூபாயைக் கட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் ஃபைலைப் பிரித்தோம். 31 படங்களில் 7 தங்கின. நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில் அவள் வரைந்த ஒரு வரிசை இருக்கிறது. மண் அச்சு, உலை, கடைசல், மெருகு என்று ஒவ்வொரு கட்டமாகப் போட்டிருந்தாள். இவ்வளவு நாள் அதை ஃபைலில் சேர்க்காமலே வைத்திருந்திருக்கிறாள். அதை முதலில் வைத்தோம். பத்துப் பேர் பட்டியல் தயார். முதல் கடிதம் திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் போனது. இன்னும் பதில் இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று என் காலண்டரிலும் அவள் காலண்டரிலும் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.